பசைச்சட்டியும் பாட்டும்

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததில்லை. வாத்தியார் வந்ததில்லை, ஆர்மோனியப் பெட்டி இருந்ததில்லை. ஆனாலும் ஐந்து பிள்ளைகளில் நாலு பேர் சுருதி விலகாமல் பாடுவோம். பெரிய அண்ணன் மட்டும் பாடமாட்டான். யார் எங்கே விலகினார்கள் என்று சொல்லிவிடுவான். இதெல்லாம் எப்படி வந்தது என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். தீப்பெட்டி ஒட்டினதால் வந்தது என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எழுபதுகளில் கோவில்பட்டியில் எங்கள் தெரு முழுக்கத் தீப்பெட்டி வீடுகள்தாம். கம்பெனியிலிருந்து மரச்சீவலும் தாளும் கட்டுக்கட்டாக வரும். வீட்டில் வைத்து ஒட்டி, காயப்போட்டு, கோணியில் அள்ளித் திருப்பிக் கொடுத்தால் குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அடிப்பெட்டி ஒருத்தர், மேல்பெட்டி ஒருத்தர் என்று பிரித்துக்கொள்வோம். மைதாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பாள் அம்மா. சோற்றுக்கு உட்காரும்போது எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரலில் அந்த வாடை நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை மூலையில் எறிந்துவிட்டு நாங்களும் உட்கார்ந்தாக வேண்டும். அதை இன்றைக்கு அழகாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருவில் பம்பரம் விட வேண்டிய நேரம் அது. முதுகு கடுக்கும், கண் எரியும், சின்னவன் உட்கார்ந்தபடியே தூங்கிச் சாய்வான். அந்த வேலையைச் சகித்துக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே துணை ரேடியோ.

அப்பா மில்லில் வேலை பார்த்தார். ஒரு தீபாவளி போனஸில் யாரோ விற்ற பழைய மர்பி ரேடியோ ஒன்றை வாங்கி வந்தார். வால்வு செட். போட்டவுடன் பாடாது, உள்ளே மஞ்சள் வெளிச்சம் மெதுவாக ஏறி, ஒரு உறுமல் உறுமி, பிறகுதான் குரல் வரும். ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்த காலம் அது. அந்த லைசென்ஸ் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார் அப்பா. ரேடியோ இருந்த இடம் சுவரில் அடித்த பலகை. பெரியவர்கள் கைக்கு எட்டும், எங்கள் கைக்கு எட்டாது. எந்த ஸ்டேஷன், எந்தப் பாட்டு என்பதில் எங்களுக்கு ஓட்டு கிடையாது என்பதை அந்த உயரமே சொல்லிவிட்டது.

திருநெல்வேலி ஸ்டேஷனில் செய்தியும் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியும் கேட்போம். பாட்டுக்கு இலங்கை வானொலிதான். அது ஏன் இலங்கை என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருப்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. ஐம்பதுகளில் டெல்லியில் செய்தி ஒலிபரப்புத்துறை மந்திரியாக இருந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. சாஸ்திரிய சங்கீதம் கெட்டுப்போகிறது என்று அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். டெல்லி விழித்துக்கொண்டு 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கியது. ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. கடல் தாண்டி வந்த குரல் திருச்சியை விடத் தெளிவாக விழுந்தது. அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலை அப்பா தலைமுறை சொல்லிச் சொல்லி மாயும். எங்களுக்கு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். காலையில் 'பொங்கும் பூம்புனல்' வந்தால் அடுப்பில் உலை கொதிக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் தெருவில் கண்டியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. 1964-இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். அந்த அக்காவை ஊரே கண்டிக்காரக்கா என்றுதான் கூப்பிட்டது. அவர்கள் வீட்டில் ரேடியோ இல்லை. இலங்கை வானொலியில் பெயரும் ஊரும் வாசிக்கும் 'பிறந்தநாள் வாழ்த்து' நேரத்துக்கு எங்கள் திண்ணைக்கு வந்து, சும்மா உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு, எங்கள் பெட்டியை ஒட்டிக்கொண்டே கேட்பார். ஹட்டன், பதுளை, நாவலப்பிட்டி என்று ஊர்ப்பெயர் வரும்போது மட்டும் கை நிற்கும். பாட்டு வந்ததும் மறுபடி ஓடும். எங்களுக்குப் பாட்டு முக்கியம், அவருக்குப் பாட்டுக்கு முந்தின வாசிப்பு முக்கியம். ஒரே ரேடியோவை ஆளுக்கொரு விதமாகக் கேட்கலாம் என்பது அப்படித்தான் தெரிந்தது.

அத்தைக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. சின்ன வயதிலேயே தாலி அறுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். வீட்டில் அவளைவிட வேகமாக ஒட்ட ஆள் கிடையாது. விசுவநாதன் துள்ளலாக மெட்டுப் போட்ட பாட்டு வந்தால் பெட்டி கூடும், சோகப் பாட்டு வந்தால் கூலி குறையும் என்பாள். "இந்த சுசீலாம்மா அழுதா நமக்குல்லா நஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே கேட்பாள். ஆனால் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடினால் அந்தக் கணக்கெல்லாம் போய்விடும். பசைக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு எழுந்து போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவாள். அந்த மூன்று நிமிஷமும் வீட்டில் யாரும் பேசக்கூடாது. தண்ணீர் கேட்டால்கூட, "அந்தப் பாட்டு முடியட்டும்ல, பெறகு குடி" என்பாள். அதில் அவளுக்கு என்ன இருந்தது என்று நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஒரு ஆள் ஒரு பாட்டுக்குள் போய்விட்டு வருவதை நான் முதலில் பார்த்தது அத்தை முகத்தில்தான். ராகம், தாளம், மெட்டு எல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை.

ரேடியோ இல்லாத நேரத்தில் நாங்களே ரேடியோ. இலங்கையில் அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' எங்கள் வீட்டில் தினசரி நடக்கும். எழுத்து கொடுப்பது அம்மா. பாட்டு வராமல் முழித்தவர்தான் அடுத்த சட்டி பசை காய்ச்ச வேண்டும். அடுப்புப் புகைக்குப் பயந்தே நான் நூற்றுக்கணக்கான பல்லவிகளை மனப்பாடம் பண்ணினேன். சரணம் தெரியாது. இன்றைக்கும் பல பாட்டு எனக்குப் பல்லவியோடு நின்றுபோகும்.

அப்பாவுக்குச் சினிமாப் பாட்டில் பெரிய ஒட்டுதல் இல்லை. அவருடையது காவடிச்சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் ஊற்றுமலை ஜமீன்தார் ஆதரவில் இருந்து, கழுகுமலை முருகன் மேல் பாடியது. முப்பது வயதைத் தாண்டாமல் போய்விட்ட மனிதர், இந்தக் கரிசல் காட்டு வாயில் நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறார். எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கிற இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி காவடிச்சிந்தைத் தேடிப் பதிப்பித்தார். அவருடைய கூட்டாளி கி. ராஜநாராயணனும் சங்கீதப் பைத்தியம். இரண்டு பேரும் விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டுக்குப் பின்னால் அலைந்தவர்கள். அப்பாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. புத்தகமும் கிடையாது. அவருடைய அப்பா பாடியதைக் கேட்டவர், அவ்வளவுதான்.

மில்லில் மூன்றாம் ஷிப்ட் முடிந்து காலையில் வருவார். பஞ்சு ஒட்டின தலையோடு கிணற்றடியில் வாளியை இறக்கும்போது ஆரம்பிப்பார். இரைச்சலிலேயே எட்டு மணி நேரம் நின்றவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் குரல் தெருமுனை வரைக்கும் போகும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டு மணி தெரிந்துகொள்வார்கள். நாங்கள் அதைக் கேட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்கு நடந்தே கூட்டிப்போவார். இருபது கிலோமீட்டர் சொச்சம். இருட்டோடு கிளம்பி, கால் வலிக்கிறது என்று சின்னவன் சிணுங்கத் தொடங்கும் இடத்தில் சிந்தை எடுத்துவிடுவார். அந்தச் சந்தத்துக்கு நடையைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. காலை அதற்குக் கொடுத்துவிட்டால் போதும், வலி தெரியாது. தாளம் என்பதை நான் கற்றது அந்தக் கப்பி ரோட்டில். விரல் மடக்கி எண்ணுவதெல்லாம் என் மகள் கிளாஸுக்குப் போன பிறகு அவளிடம் பார்த்தது.

கோவில்பட்டிக்காரனுக்கு நாதஸ்வரத்தைப் பற்றி ஒரு திமிர் உண்டு. காருகுறிச்சி அருணாசலம் எங்கள் ஊரில் வந்து குடியிருந்தவர். அவர் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். 1964-இல் போய்விட்டார். நான் பிறப்பதற்கு முன்பே. ஆனால் அம்மாவைப் பெற்ற எங்கள் ஆச்சியின் பேச்சில் அவர் உயிரோடு இருந்தார். இன்னார் வீட்டுக் கல்யாணத்தில் விடியவிடிய வாசித்தார், மாப்பிள்ளை அழைப்பு நகரவே இல்லை, சமைத்த சோறு ஆறிப்போனது என்று சொல்வாள். எத்தனை சதவீதம் உண்மையோ, ஒவ்வொரு தடவையும் அந்த ஊர்வலம் இன்னும் கொஞ்சம் மெதுவாக நகரும்.

1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சியார் வாசித்த ஆபேரி ராகப் பாட்டு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அதைக் கேட்காத காது இருக்காது. அது ரேடியோவில் வந்தால் வீட்டில் வேலைநிறுத்தம். ஆச்சி, "கையை எடுத்துட்டுக் கேளுங்கலே" என்பாள். பசை காய்ந்தால் வசவு விழுகிற வீட்டில் பசை காயக் காயக் கேட்பது அந்த ஒரு பாட்டுக்குத்தான். குரல் எது குழல் எது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. குரல் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய், சில இடத்தில் முந்திக்கொண்டு நிற்கும் அந்த வாசிப்பு. அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு "இப்ப அக்கா, இப்ப அண்ணாச்சி" என்று விரலை மாற்றி மாற்றிக் காட்டுவான். அவன் பின்னாளில் மைக் செட் வைத்துப் பிழைத்தான் என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. யாரோ புது ஆள், இளையராஜாவாம் என்றார்கள். ஆச்சி ஒரு பாட்டைப் பாதி கேட்டதும், "இது நம்ம கும்மிப் பாட்டு மாதிரில்லா இருக்கு, இதுக்கு எதுக்கு ரேடியோ?" என்றாள். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இன்றுவரைக்கும் படிக்கவில்லை.

எண்பதுகளில் அண்ணன் டேப் ரெக்கார்டர் வாங்கினான். இங்கேதான் முதல்முறையாகப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிற உரிமை பிள்ளைகள் கைக்கு வந்தது. ரெக்கார்டிங் சென்டரில் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. அந்தத் தாளை எழுத எங்கள் வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும். அம்மாவுக்கு இரண்டு, அத்தைக்கு இரண்டு ஸ்ரீனிவாஸ், அப்பாவுக்குச் சீர்காழி கோவிந்தராஜன், மீதி எங்களுக்கு. இரண்டு ராஜா பாட்டுக்கு நடுவில் ஒரு சீர்காழி உட்கார்ந்திருப்பார். பாட்டை ஓட்டித் தாண்டலாம்தான். ஆனால் டேப் சிக்கும், மோட்டார் தேயும் என்று அண்ணன் விடமாட்டான். ஆகவே பிடித்ததைக் கேட்க வேண்டுமானால் பிடிக்காததையும் கேட்டுத்தான் தீர வேண்டும். அப்படிக் கேட்டுக்கேட்டே எனக்குச் சீர்காழி பிடித்துப்போனார். 1985-இல் 'சிந்து பைரவி' வந்தபோது இது எதிர்த்திசையிலும் நடந்தது. ராஜா என்றால் முகம் சுளிக்கிற அப்பா, தியாகராஜ கீர்த்தனையும் நாட்டுப்பாட்டும் கைகோத்துப் போகிற அந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னார். கேசட்டைப் பென்சிலால் பின்னுக்குச் சுற்றி அண்ணன் பவ்யமாகப் போட்டான்.

அந்த டேப்பில் ஆச்சியின் தாலாட்டைப் பதிந்து வைக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளை இல்லாம யாருக்குப் பாட? இந்தப் பொட்டிக்கா?" என்றாள். அக்காவின் கைக்குழந்தையைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்ட பிறகே வாய் திறந்தாள். தாலாட்டில் மாமன்மார் கொண்டுவருகிற சீரைச் சொல்வது வழக்கம். ஆச்சி அதில் அக்கா வீட்டுக்காரர் பாக்கி வைத்திருந்த ஒரு சமாச்சாரத்தையும் மெட்டு கெடாமல் நுழைத்துவிட்டாள். அத்தான் அப்போது திண்ணையில்தான் இருந்தார். அடுத்த மாதம் பாக்கி வந்து சேர்ந்தது. அந்தக் கேசட்டில் பாட்டைவிடத் தொட்டில் கயிறு விட்டத்தில் உரசும் சத்தம் அதிகம். பின்னால் யாரோ பெட்டியைத் தட்டி அடுக்குவதும் கேட்கும். ஆச்சி போன பிறகு அதை எங்கள் தலைமுறை முழுக்கப் படியெடுத்து வைத்துக்கொண்டது.

இனி என் பிள்ளைகள் கதை. வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்த பிறகு பிறந்தவர்கள். தீப்பெட்டி இல்லை, கிணற்றடி இல்லை. நாங்கள் நாலு பேர், நாலு செல்போன், நாலு ஜோடி இயர்போன். மகள் படிக்கும்போது கேட்கிறாள். என்ன கேட்கிறாள் என்று தெரியாது. மகன் குளிக்கும்போது கேட்கிறான். கதவுக்கு வெளியே தாளம் மட்டும் விழும். அவரவர்க்குப் பிடித்ததை அவரவர் போன் தெரிந்து வைத்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பிக் கொடுக்கிறது. சீர்காழி நடுவில் வந்து உட்கார வழியே இல்லை. நாங்கள் பாட்டு குறைவாகக் கேட்டவர்கள், இவர்கள் ஏராளமாகக் கேட்கிறவர்கள். அதில் எனக்குப் பொறாமைதான். ஆனால் தன் அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று என் மகனுக்குப் பன்னிரண்டு வயது வரை தெரியாமல் இருந்தது. எனக்கு என் அத்தையின் பாட்டு ஐந்து வயதில் தெரியும்.

மகளைப் பாட்டு கிளாஸில் சேர்த்தோம். புரந்தரதாசர் வகுத்தது என்று சொல்லப்படுகிற வரிசைப்படி, மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, தாட்டு. கிளாஸ் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பாட்டு நோட்டு மேஜைக்குள் போய்விடும். அந்த டீச்சர் கெட்டிக்காரர். பிள்ளைகள் துவளும் நேரம் பார்த்து நோட்டு ஸ்வரத்தை எடுத்துவிட்டார். கமகம் இல்லாமல் நேராகப் போகிற, பேண்டு வாத்தியத்துக்கு ஏற்ற மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்து வைத்தவை அவை. அதில் ஒன்றை மகள் வீட்டில் பாடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்திவிட்டு, "அப்பா, இது இங்கிலாந்து ஃபுட்பால் டீம் வரிசையா நின்னு பாடுறதுல்ல?" என்றாள். அதேதான். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டில் அம்பாளைப் பாடியிருக்கிறார் தீட்சிதர்.

மகள் அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எட்டயபுரம் போனோம். பாரதி பிறந்த வீட்டுக்கு வருகிற கூட்டம் தீட்சிதர் சமாதிக்கு வருவதில்லை. 1835-இல் தீபாவளியன்று அவர் காலமானது எட்டயபுரத்தில். தம்பி பாலுசாமி அந்தச் சமஸ்தானத்தில் வித்வான். அந்த வழியில் வந்த சுப்பராம தீட்சிதர்தான் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்கிற பெரும் புத்தகத்தை அங்கிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது மணலிக் கதை. தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில், ஆதரவாளரான முதலியார் தயவில் கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு கேட்கிற வாய்ப்பு அண்ணன் தம்பிகளுக்குக் கிடைத்தது. தம்பி வெள்ளைக்காரரிடம் பிடில் பழகிக்கொண்டார். கர்நாடக சங்கீதத்துக்குள் பிடில் நுழைந்த வாசல்களில் அது முக்கியமானது. அண்ணன் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். யாரும் அவர்களுக்கு அதைப் பாடமாக வைக்கவில்லை. பட்டாளத்தான் தன் தேவைக்கு ஊதினான், அது மணலிப் பையன்கள் காதில் விழுந்தது. "உங்க தீப்பெட்டிக் கதை மாதிரியேல்லப்பா" என்றாள் மகள். அவளாகச் சொன்னது.

அன்றைக்குத் திரும்பும்போது காரில் ஒரு சட்டம் போட்டோம். காரில் இயர்போன் கிடையாது. ஆளுக்கொரு பாட்டு, முறை வைத்து. அடுத்தவர் பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது, கிண்டல் பண்ணலாம். கிண்டல் பண்ணலாம் என்பது மகன் சேர்த்த திருத்தம். நன்றாகத்தான் சேர்த்தான். என் மனைவி போட்டது 'ஜானி' படத்துப் பாட்டு. அவளுக்கு ஜானகி என்றால் இத்தனை பித்து என்பது எனக்கே அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது. மகன் ஏதோ கொரியாப் பாட்டு போட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் முழுக்கக் கேட்டேன்.

என் அம்மா இப்போது எங்களோடு இருக்கிறாள். பிள்ளைகளும் அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். 2021-இல், எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சமயம், மகன் தன் முறைக்குக் கூடத்து ஸ்பீக்கரில் 'என்ஜாய் எஞ்சாமி' போட்டான். தீ, அறிவு என்ற இருவர் பாடியது. உலகமே கேட்டுக்கொண்டிருந்த பாட்டு, அம்மாவுக்கு இரைச்சலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினாள். "ஏய்யா, நடுவுல ஒப்பாரி வருதே, அதைத் திருப்பிப் போடு" என்றாள். அவன் திருப்பிப் போட்டான். "இழுக்குறது சரியாத்தான் இழுக்குறா. மாரடிக்க ஆள் காணாது" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் திரும்பியவர் என்று மகன் சொன்னான். அம்மா கண்டிக்காரக்காவைப் பற்றி அவனிடம் சொல்லத் தொடங்கினாள். எங்கள் யாரிடமும் சொல்லாத விஷயங்கள் அதில் இருந்தன. அந்தக்கா இறந்த வீட்டில் அம்மா அழுத ஒப்பாரியையும் அவன் கேட்கப் பாடிக் காட்டினாள். மகன் போனில் பதியப் போனான். "பொணம் இல்லாம எதுக்குப் பதியுத?" என்று தடுத்துவிட்டாள். எங்கள் ஆச்சியின் மகளில்லையா. அவன் பதியாமலே இரண்டு மூன்று தடவை கேட்டு மனதில் வாங்கிக்கொண்டான். இப்போது பாத்ரூமிலிருந்து வருகிற சத்தத்தில் அதுவும் உண்டு. விடிகாலையில் ஒப்பாரியா என்று மனைவி கதவைத் தட்டுகிறாள்.

டெலிவிஷனில் பிள்ளைகள் பாட்டுப் போட்டி பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். எட்டு வயதுப் பிள்ளை மார்க்குக்காக அழுகிறது, கீழே பெற்றவர்கள் கைகுவித்து நிற்கிறார்கள். அபாரமாகத்தான் பாடுகின்றன அந்தப் பிள்ளைகள். ஆனால் அந்தப் பெற்றோர் வீட்டில் யாருக்காகவும் இல்லாமல் சும்மா பாடுவார்களா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். பாட்டைப் பிள்ளைக்கு நல்லது என்று கஷாயம் மாதிரி ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை. கணிதம் நன்றாக வரும், ஞாபகசக்தி வளரும் என்று சொல்லிக்கொண்டு கிளாஸுக்கு இழுத்துப் போகிறவர்களைப் பார்க்கிறேன். என் அப்பா எங்கள் கணிதத்துக்காகக் காவடிச்சிந்து பாடவில்லை. உடம்பு நொந்து வந்தார், பாடினார். அத்தை தன் துக்கத்துக்கு ஸ்ரீனிவாஸைக் கேட்டாள். பக்கத்தில் நாங்கள் இருந்தோம், அந்த வீட்டில் எங்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுப்படியிலோ கூடத்திலோ எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சின்ன ரேடியோவோ ஸ்பீக்கரோ வையுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு எது நல்லது என்று தேடிக்கொண்டிருக்காமல் உங்களுக்குப் பிடித்ததைப் போடுங்கள், வந்தால் கூடவே பாடுங்கள். மாற்றச் சொல்லிக் கத்துவார்கள், கத்தட்டும். அவர்கள் முறை வரும்போது அவர்கள் போடுவதை நீங்களும் எழுந்து போகாமல் கடைசிவரை கேளுங்கள்.